யார்ட மவ நீ?

மாளிகாவத்தை பிளட்ஸில் இருந்து சைக்கிளை இறக்கினால் கம்பஸுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். ஜும்ஆ பள்ளி ரோட், பஞ்சிகாவத்தை, மருதானை, டார்லி ரோட், லிப்டன் சுற்றுவட்டம், கிறீன் பாத். அஞ்சு, அஞ்சரை கிலோமீற்றர் வரும். இதே தூரத்துக்கு பஸ் என்றால் ரெண்டு பஸ், ஒரு மணித்தியாலம், கூடவே முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிற ஒரு மாமா. த்ரீவீல் என்றால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாங்கள் சைக்கிளுக்கு வந்தோம். புரட்சி செய்ய வரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம், ஏனென்றால் எங்களைப் பார்க்கிற பாதிப் பேர் நாங்கள் ஏதோ காட்டுவதற்குத்தான் ஓடுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

நாங்கள் என்றால் நாலு பேர். ரெண்டு பேர் மாளிகாவத்தை, ஒருத்தி கொட்டாஞ்சேனை, ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிறவள். நாலு பேரும் கலைப்பீடம். நாலு பேரிடமும் சேர்த்து மூன்று சைக்கிள் இருந்தது. இப்போது ஓடுவது ரெண்டு. மூன்றாவது ஒரு பல்கனியில் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சங்கிலியைப் பற்றியது.

ரோட்டில் எங்களைத் தேடி வருகிற குரல்கள் ரெண்டு வகை.

முதல் வகை எல்லாருக்கும் தெரிந்தது. "நங்கி, கோஹெத யன்னே?" "பின்சில்லு சுத்துது புள்ள!" (இந்தப் பகிடியைக் கண்டுபிடிச்ச ஆள் இப்ப கபுறில் இருப்பார், அவ்வளவு பழசு. சொல்லுறவன் ஒவ்வொருத்தனும் தானே இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரிச் சிரிப்பான்.) பின்னால் வந்த மோட்டர் பைக் ஒன்று திடீரென்று வேகத்தைக் குறைக்கும். அந்தச் சத்தம் மாறுவது எங்கள் முதுகுக்கே தெரியும். காதுக்குப் பக்கத்தில் ஹோர்ன் அடிப்பான். சிலவேளை போத்தல் தண்ணி வந்து விழும். சிலவேளை கை.

ரெண்டாவது வகை மரியாதையான குரல். தொப்பி போட்ட, தாடி நரைத்த, நோன்பு காலத்தில் எங்கட வீட்டுக்குக் கஞ்சி அனுப்பிய ஆளாகக்கூட இருக்கும். சைக்கிளை மறித்துக் கேட்பார்: "யார்ட மவ நீ?"

முதல் வகையை விட இதற்குத்தான் எங்களுக்குப் பயம். பகிடி விட்டவன் அடுத்த சந்தியில் மறந்துவிடுவான். இவர் மறக்க மாட்டார். நாங்கள் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர முன்னம் கதை மூன்றாம் மாடி ஏறி, கதவைத் தட்டி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போயிருக்கும். கையை நீட்டினவனிடம் போய் "நீ யார்ட மவன்?" என்று இந்த ஊரில் ஒருத்தர் கேட்டு நாங்கள் இன்னும் காணவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தி பஞ்சிகாவத்தையைத் தாண்டிப் போகும்போது பின்னால் வந்த பைக்கில் இருந்த ரெண்டு பேரில் பின்னால் இருந்தவன் அவள் முதுகில் ஓங்கி அறைந்தான். பகிடிக்கு. அவள் சைக்கிளோடு பஸ் பக்கமாகத்தான் விழுந்தாள். பஸ் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். முழங்கையில் நாலு தையல். ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிற ஒரு சிங்களப் பெடியன் ஓடி வந்து தூக்கி, தண்ணி கொடுத்து, வளைந்த ஹேண்டிலை ரெண்டு காலுக்கும் நடுவில் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. நல்ல மனுசர் இல்லாத ரோட் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறோம். அதே இடத்தில் கூட்டத்தில் நின்ற இன்னொருவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்வி என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்யப் போனோம். எங்கே என்று எழுதவில்லை. "நம்பர் பிளேட் பாத்தீங்களா?" இல்லை. "அப்ப என்ன செய்யிறது?" அடுத்த கேள்வி, "தனியா ஏன் போனீங்க?" குற்றவியல் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டதில் இருந்து பாலியல் துன்புறுத்தலுக்கு அஞ்சு வருஷம் வரை சிறை இருக்கிறது. வாயால் சொல்லுவதும் அதற்குள் வரும். நாங்கள் பிறக்க முன்னமே வந்த திருத்தம். அந்த மேசையில் அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை, பயத்தில் மறந்துபோச்சு.

அன்றைக்கு இரவு அவளின் வாப்பா ஹார்ட்வெயார் கடையில் சங்கிலியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் கெட்ட மனுசன் இல்லை. அவளைப் படிக்க வைத்ததே அவர்தான். அவர் த்ரீவீல் ஓடுறவர், இருபது வருஷமாக. ரோட்டால் ஒரு பெட்டை போனால் ஸ்டாண்டில் என்ன கதை போகும் என்று அவருக்கு எங்களை விட நல்லாத் தெரியும். "எனக்குத் தெரியும் மவள், அதான் செல்றன்" என்றாராம். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெரிந்த மனுசன் இருபது வருஷத்தில் தன்னுடைய கூட்டாளியிடம் ஒரு தரம் "வாயை மூடு மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல முடியவில்லை. மகளின் சைக்கிளைக் கட்டலாம், அது லேசு. அறைந்தவன் அன்றைக்கும் பைக்கில்தான் வீட்டுக்குப் போயிருப்பான். அவனுடைய பைக்குக்கு ஒருத்தரும் சங்கிலி போடவில்லை.

இதற்குப் பிறகு வந்து குவிந்த புத்திமதிகளைப் பற்றியும் சொல்ல வேணும். நேரத்தைப் பார்த்துப் போ. பாதையை மாற்று. உடுப்பைக் கவனி. ஆளோட போ. எல்லாவற்றுக்கும் கடைசியில், "பஸ்ஸில போனா என்ன?" ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில் பஸ்ஸிலும் ரெயிலிலும் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்கள் நூற்றுக்கு 90 பேர். பொலிஸிடம் போனவர்கள் 4. எங்களைப் பாதுகாப்பாகப் போகச் சொல்லி அனுப்புகிற இடத்தின் இலட்சணம் இது. சைக்கிளில் என்றால் குறைந்தது மிதித்துக்கொண்டு தப்பிப் போகலாம், 138 பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கே போறது?

உடுப்பைப் பற்றி: எங்களில் ரெண்டு பேர் அபாயா போட்டுத்தான் ஓடுகிறார்கள். அது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு, செயின் கவர் இல்லாத சைக்கிளை வாங்கவே வேண்டாம். பின்சில்லுக்கு ரெண்டு பக்கமும் துணி உள்ளே போகாமல் வலை அடிக்க வேண்டும், வெல்டிங் கடையில் செய்து தருவார்கள். அபாயாவின் கீழ் ஓரத்தை ரெண்டு பக்கமும் உடுப்புக் கிளிப்பால் மடித்துக் குத்தினால் பெடலில் சிக்காது. உள்ளே நீளக் காற்சட்டை. ஷோலின் நுனியைப் பின்னால் விடாமல் உள்ளே செருக வேண்டும். ஜென்ட்ஸ் சைக்கிளின் குறுக்குக் கம்பி சரிவராது, லேடீஸ் சைக்கிள்தான். இவ்வளவும் பழக ஒரு கிழமை போதும். அறை வாங்கினவள் அன்றைக்குக் கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடித்தான் இருந்தாள். உடுப்புக் கதையை இதோடு முடிப்போமா?

"பொம்பளைப் புள்ளைகள் ரோட்டுல என்னத்துக்கு?" என்று கேட்கிற ஊர் இது. சரி, ரோட்டில் நாங்கள் எப்போது இருக்கவில்லை? 2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றது யார்? எங்கட உம்மாமார். 2020 மே 21, நோன்பு முடிய மூன்று நாளோ நாலு நாளோ இருக்கும்போது, இதே மாளிகாவத்தையில் தானம் வாங்க வந்த சனநெரிசலில் மிதிபட்டு மவுத்தானவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெண்கள். ஊரடங்குக் காலம், வீட்டில் அரிசி இல்லை, ரோட்டுக்கு வந்தார்கள். அவர்களிடம் ஒருத்தரும் "யார்ட மவ நீ, ஏன் வெளிய வந்த?" என்று கேட்கவில்லை. வறுமைக்காக ஒரு பெண் ரோட்டில் நிற்கலாம், அதில் ஒருத்தருக்கும் மானம் போகாது. அவள் தன்ட பாட்டுக்கு, தன்ட வேலைக்கு, முகத்தில் காற்றுப் பட ரோட்டால் போனால் மட்டும் போய்விடும். அதிலும் அவள் சிரித்துக்கொண்டு போனால் சொல்லவே வேண்டாம்.

மார்க்கத்தையும் இழுக்கிறார்கள், ஆகவே ஒரு வார்த்தை. மத்ரசாவில் நாங்களும் ஓதினோம். பார்வையைத் தாழ்த்தச் சொல்லுகிற வசனங்கள் அந்நூர் அத்தியாயத்தில் இருக்கின்றன. 30ஆம் வசனம் ஆண்களுக்கு. பெண்களுக்கு வருவது 31. வரிசை அப்படித்தான் இருக்கிறது, நாங்கள் மாற்றி வைக்கவில்லை. ஜும்ஆ பயானில் 31ஐப் பற்றி எத்தனையோ தரம் ஒலிபெருக்கியில் வீட்டில் இருந்தே கேட்டிருக்கிறோம். 30ஐப் பற்றி ஒரு முழு பயான் கேட்க ஆசை. ஒட்டகத்தில் இருந்து படையை நடத்திய ஆயிஷா நாயகியின் சரித்திரத்தையும் படித்திருக்கிறோம், ஆனால் அஞ்சரை கிலோமீற்றருக்கு அவ்வளவு பெரிய சாட்சி எதற்கு என்று விட்டுவிடுகிறோம்.

அபாயாவோடு ஓடுகிறவளுக்கு இன்னொரு பக்கத்தாலும் வரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முகத்தை மூடத் தடை வந்தது. முகம் திறந்துதான் இருக்கிறது என்றாலும் கறுப்பு உடுப்பைக் கண்டதும் சில பேரின் பார்வை அன்றில் இருந்து மாறிப் போச்சு. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். மருதானைக்கு இந்தப் பக்கம் "முஸ்லிம் புள்ள சைக்கிள் ஓடுறா", அந்தப் பக்கம் "இதுகள் பையில் என்ன கொண்டு போகுதுகள்". ஒரே சைக்கிள், ஒரே ஆள். பையில் இருப்பது சமூகவியல் நோட்ஸும் ஒரு முட்டை பணிஸும்.

கொட்டாஞ்சேனைக்காரியும் வெள்ளவத்தைக்காரியும் கேட்பது வேறு பாட்டு. "எங்கட கலாசாரத்தில பொம்பிளைப் பிள்ளைகள் உப்பிடித் திரியிறதில்லை." இதைக் காலி வீதிக் கடை வாசலில் நின்று யாழ்ப்பாணத்துக்காரியிடம் ஒரு அங்கிள் சொன்னார். அவரும் யாழ்ப்பாணம். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண் சைக்கிள் ஓடுவது ஒரு செய்தியா? காலமை ஏழு மணிக்கு எந்த ஒழுங்கையில் நின்று பார்த்தாலும் வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். ரீச்சர்மார் சேலையோடு ஓடுவார்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன வருஷங்களில் சைக்கிள்தான் அங்கே அம்புலன்ஸ், லொறி, எல்லாம். டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம். அம்மாமார் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு, குண்டுச் சத்தத்துக்கு இறங்கிப் படுத்து, எழும்பித் திரும்ப மிதித்திருக்கிறார்கள். அந்த அங்கிளின் அம்மாவோ அக்காவோ கட்டாயம் ஓடியிருப்பார். வெள்ளவத்தைக்கு வந்தவுடன் கலாசாரத்தைப் புதுசாகக் கடையில் வாங்கினாரோ தெரியாது.

யாழ்ப்பாணம் சொர்க்கம் என்றும் நாங்கள் எழுத மாட்டோம். ரியூஷன் முடிந்து வரும்போது பின்னாலேயே ரெண்டு சைக்கிளில் வந்து, ஒழுங்கை முடக்கில் மறிக்கிற பெடியங்களைப் பற்றி அவள் சொன்ன கதைகள் எங்கட கதைகளை விட மோசம். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பெடியன் மறித்தால் அவனைக் குறை சொல்லுவார்கள், அல்லது பெட்டையைக் குறை சொல்லுவார்கள். சைக்கிளைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் தோன்றாது. எல்லாரிடமும் இருக்கிற சாமானைப் பற்றி என்ன சொல்ல?

சங்கிலி போட்ட வீட்டின் உம்மா பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். 1990 ஒக்டோபரில் ரெண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பதின்மூன்று வயசு. காக்காவின் சைக்கிளைக் களவாக எடுத்து ஓடப் பழகியதை எங்களுக்குச் சொன்னார். அந்த சைக்கிளையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பிறகு புத்தளம், பிறகு மாளிகாவத்தை. அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. "இங்க ஆரு ஓடுறா?" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒரு மாவட்டத்தைப் பற்றி எங்கள் வயதுக்காரர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை. 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வேலையோடு சேர்த்து சைக்கிளையும் கொண்டு வந்தார். வகுப்பு எடுக்கப் போகிற பெண்கள் ஊருக்கு ஊர் எப்படிப் போவது என்பதில் தொடங்கிய விசயம். வயல் வேலை செய்கிறவர்கள், கல்லுடைக்கிறவர்கள், தாதிமார், ஆசிரியைகள், அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் என்று லட்சம் பெண்களுக்கு மேல் ஓடப் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் கனபேர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். முதலில் அங்கேயும் கேவலமான பேச்சுத்தான். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையும் வசதியாக்கிக்கொண்டார்கள். வங்கிகளில் கடன் ஒழுங்கு செய்யப்பட்டது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் பெண்கள் கொடி கட்டிய சைக்கிளோடு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். அவ்வளவு பேரிடமும் "யார்ட மவ நீ?" என்று கேட்க எந்தக் கிழவருக்கு நேரம் இருந்திருக்கும்?

நாங்கள் நாலு பேர். அதுதான் எங்கட பிரச்சினை. ஒரு ஊரில் ஒருத்தி ஓடினால் அவள் கெட்டவள், அல்லது வீரி. ரெண்டும் எங்களுக்கு வேண்டாம். இந்த "சிங்கப்பெண்" என்று எழுதி எங்கட படத்தைப் பகிர்கிற தோழர்களுக்கும் சொல்லுகிறோம், உங்கட அன்பு விளங்குது, ஆனால் சிங்கத்தைக் கூட்டுக்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள். போன வருஷம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்த ஒரு அண்ணா, அடுத்த கிழமை தன் தங்கச்சி சைக்கிள் கேட்டபோது "உனக்கு அதெல்லாம் வேணாம்" என்று சொன்னது எங்களுக்குத் தெரியும். தங்கச்சிதான் வந்து சொன்னாள்.

அதற்காக வித்தியாசமாகத் தெரிவதற்குக் கூச்சப்படப் போவதும் இல்லை. தொடக்கத்தில் கூச்சப்பட்டோம். சந்திக்குக் கிட்ட இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, சனம் குறைந்த இடத்தில் ஏறுவோம், யாருடையோ சைக்கிளைக் கொண்டு போகிற மாதிரி. ஆறு மாதம் அப்படிச் செய்தோம். இப்போது ஸ்டாண்டுக்கு முன்னாலேயே மணி அடித்துக்கொண்டு போகிறோம். பெயர் தெரிந்தவர்களுக்கு சலாம் சொல்லுகிறோம். சலாம் சொன்னவளுக்குப் பின்னால் பகிடி விடுவது கொஞ்சம் கஷ்டம், முயற்சி செய்து பாருங்கள். மூன்று பேர் சேர்ந்து போகிற நாளில் சத்தம் பாதியாகக் குறைகிறது. இதை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஆராய்ச்சி இல்லை, கொப்பியில் போட்ட கோடுகள்.

கொழும்பு ரோட் முதல்முதலாகப் பார்த்த வித்தியாசமான பெண்ணும் நாங்கள் இல்லை. அன்னி கொப்சொவ்ஸ்கி என்று பொஸ்டன்காரி, மூன்று பிள்ளையின் தாய், லண்டண்டெரி என்ற தண்ணிக் கம்பெனியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு 1894இல் சைக்கிளோடு உலகம் சுற்றக் கிளம்பினார். பாதி வழி கப்பலில்தான், அதிலே ஆளுக்குக் கொஞ்சம் புளுகும் உண்டு. அந்தக் கப்பல் வழியில் கொழும்பும் ஒரு தரிப்பு. நூற்று முப்பது வருஷம் ஆச்சு. இந்த நகரத்துக்கு இன்னும் பழகவில்லை என்றால் எவ்வளவு நாள் வேணும்?

கேட்கிறதைக் கேட்டுவிடுகிறோம். மாநகர சபைக்கு 2018இல் ரோஸி சேனாநாயக்க வந்தார், 2025இல் விராய் கெலி பல்தசார். ரெண்டு பெண் மேயர். மருதானையில் இருந்து லிப்டன் வரை சைக்கிளுக்கு ஒரு ஓரம் கோடு போட்டுத் தாருங்கள், அதில் த்ரீவீல் நிறுத்தாமலும் பாருங்கள். பள்ளி நிர்வாகத்திடம் கேட்பது அந்த 30ஆம் வசன பயான், ஒரே ஒரு ஜும்ஆ. எங்களோடு படிக்கிற ஆண்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பைக்கில் முன்னால் இருப்பது நீங்கள், பின்னால் இருக்கிற கூட்டாளி கையை நீட்டுகிறான் என்றால், வேகத்தைக் குறைக்காதீர்கள். அன்றைக்கு பஞ்சிகாவத்தையில் முன்னால் இருந்தவனைப் பற்றி நாங்கள் நிறைய யோசித்திருக்கிறோம். அவன் கை ஹேண்டிலில்தான் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று அவன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான்.

ஓடப் பழக விரும்புகிறவர்கள் ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு பி.டி. சிறிசேன மைதானத்துக்குப் பக்கம் வாருங்கள். உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம். சோனகத்தெரு உம்மா ஒரு தரம் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சீட் உசரம்" என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி இன்னும் பல்கனியில்தான். சாவி வாப்பாவிடம். போன வெள்ளிக்கிழமை, த்ரீவீல் டயருக்கு அடிக்கிற பம்பை மேலே கொண்டு வந்து, கட்டிக் கிடந்த சைக்கிளின் ரெண்டு சில்லுக்கும் காத்தடித்தாராம். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.